ட்ராமா சென்டர் விளையாடினால் அறுவை சிகிச்சை கைவருமா?

“பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி ட்ராமா சென்டர் என்ற பழைய நின்டெண்டோ விளையாட்டை விடாமல் விளையாடுகிறான். இதில் வருவதெல்லாம் நிஜ ஆபரேஷன்தான், இப்போதே கை பழகிவிட்டால் பின்னால் சர்ஜன் ஆவது சுலபம் என்கிறான். உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விளையாட்டில் காட்டுவது நிஜத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது ஒன்று. விளையாடிப் பழகிய கை பிற்பாடு ஆபரேஷன் தியேட்டரில் உதவுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன, எந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன என்பதைச் சொல்கிறேன். நான் பொது அறுவை சிகிச்சை மருத்துவர். என் வேலையில் பெரும்பகுதி வயிற்று ஆபரேஷன்கள், அதிலும் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அறைத்தோழியின் டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை இரவல் வாங்கி இந்த விளையாட்டின் முதல் பாகத்தை முழுசாக முடித்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு அது. அந்தப் பிரியத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2005-இல் நின்டெண்டோ டிஎஸ்-க்கு வெளியிட்டது ‘ட்ராமா சென்டர்: அண்டர் த நைஃப்’. அதையே மாற்றியமைத்து 2006-இல் வீ கருவிக்கு ‘செகண்ட் ஒப்பினியன்’ வந்தது. பிறகு 2007-இல் ‘நியூ பிளட்’, 2008-இல் ‘அண்டர் த நைஃப் 2’, 2010-இல் ‘ட்ராமா டீம்’. மொத்தம் ஐந்து. முதல் கதை 2018-இல் நடக்கிறது. புற்றுநோயும் எய்ட்ஸும் வெல்லப்பட்டுவிட்ட ஒரு காலமாக அதைக் கற்பனை செய்திருக்கிறார்கள். டெரெக் ஸ்டைல்ஸ் என்ற இளம் சர்ஜன், ஆஞ்சி என்ற நர்ஸ், கில்ட் என்ற பெயரில் மனிதர்களே உருவாக்கிய ஒட்டுண்ணிகள். அந்த ஒட்டுண்ணி வகைகளுக்கு கிரேக்க மொழியின் கிழமைப் பெயர்கள். கிரியாக்கி என்றால் ஞாயிறு, ட்ரிட்டி என்றால் செவ்வாய். கதையில் வரும் மருத்துவ அமைப்பின் பெயர் கடூசியஸ். கடூசியஸ் என்றால் இரட்டைப் பாம்பு சுற்றிய கோல், அது உண்மையில் ஹெர்மிஸ் என்ற தூதுவக் கடவுளுடையது. மருத்துவத்துக்குரிய அஸ்கிளீபியஸின் கோலில் ஒரே ஒரு பாம்புதான். 1902-இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்பைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. நம் ஊர் டாக்டர்களின் கார் கண்ணாடியில் இன்றைக்கும் இரண்டு விதமும் ஒட்டியிருக்கும்.

சரி, உண்மையில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் நட்சத்திரம் வரைந்தால் நேரம் மெதுவாகும் ‘ஹீலிங் டச்’ கற்பனை என்பது உங்கள் தம்பிக்கே தெரியும். ஆனால் பச்சை நிற ஆன்டிபயாடிக் ஜெல்லை நிஜம் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கலாம். வெட்டுமுன் தோலில் தடவவும் அதுதான், சின்னக் காயத்தில் பூசினால் காயம் மறையவும் அதுதான். அப்படி ஒரு பொருள் எங்களிடம் கிடையாது. தோலைச் சுத்தம் செய்ய பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி உண்டு. ஆன்டிபயாடிக் ரத்தக்குழாய் வழியாகப் போகும், அதுவும் பெரும்பாலும் முதல் வெட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். காயம் ஆறுவது நோயாளியின் உடம்பு செய்யும் வேலை, அதற்கு நாள்கணக்கில் ஆகும். அடுத்து, திரையின் ஓரத்தில் வரும் அந்த ஒற்றை எண். அதிகபட்சம் 99, பூஜ்யமானால் ஆட்டம் முடிந்தது. நோயாளியின் நிலையை ஒரே எண்ணில் அடக்கவே முடியாது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு, சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று பலதையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறோம். பார்ப்பவரும் சர்ஜன் இல்லை, தலைமாட்டில் நிற்கும் அனஸ்தீஷியா டாக்டர். விளையாட்டில் ‘வைட்டல்ஸ்’ என்ற அந்த எண் இறங்கினால் சர்ஜனே ஊசி போட்டு ஏற்றிவிடுகிறார். நிஜத்தில் அந்த நேரத்தில் நான் நிமிர்ந்து, “என்ன மேடம், நிறுத்தட்டுமா?” என்று கேட்பேன். அவர் சொல்வதைத்தான் செய்வேன்.

கட்டியை எடுக்கும் காட்சி விளையாட்டில் திரும்பத் திரும்ப வரும். அல்ட்ராசவுண்டில் இடத்தைக் கண்டுபிடித்து, வெட்டித் திறந்து, ஊசியால் உள்ளிருக்கும் திரவத்தை உறிஞ்சி, கட்டியின் விளிம்பைச் சுற்றிக் கத்தியால் கோடு போட்டு, இடுக்கியால் தூக்கித் தட்டில் வைத்து, குழியின் மேல் செயற்கைச் சவ்வை ஒட்டி ஜெல் தடவ வேண்டும். விளையாட்டாகப் பார்த்தால் அழகான ஒழுங்கு. ஆனால் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் ஆதாரமான விதிக்கு இது நேர் எதிர். கட்டியைத் தொடக்கூடாது, குத்தக்கூடாது, அதன் விளிம்பை ஒட்டி வெட்டக்கூடாது. சுற்றிலும் நல்ல திசுவைச் சேர்த்து எடுக்க வேண்டும். பெருங்குடலில் என்றால் கட்டிக்கு இரு பக்கமும் சுமார் 5 சென்டிமீட்டர் நல்ல குடலையும், அந்தப் பகுதியின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது வழக்கம். பிறகு எல்லாவற்றையும் நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பிவிட்டு, ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்போம். அந்த ரிப்போர்ட்தான் எங்களுக்கு மார்க் ஷீட்.

இதைவிட ஆழமான வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. விளையாட்டில் பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு 5 நிமிடம்தான். சாதாரண குடல்வால் ஆபரேஷனுக்கே நாங்கள் முக்கால் மணி, ஒரு மணி எடுத்துக்கொள்வோம் என்பது பெரிய விஷயமில்லை. விளையாட்டுக்கு ஒரு கடிகாரம் வேண்டும், புரிகிறது. ஆனால் அந்தக் கடிகாரம் ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறது. ரத்தம் தெரிந்தால் உடனே உறிஞ்சு, உடனே தை, அடுத்ததற்குப் போ. இந்தப் பழக்கம் என் கையிலும் இருந்தது. அது உடைந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது.

எம்.எஸ். என்ற அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் வருடம். பைக் விபத்தில் அடிபட்ட இருபது வயசுப் பையன் ஒருவனைக் கேஷுவாலிட்டியிலிருந்து நேரே தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். வயிறு முழுக்க ரத்தம், பிபி இறங்கிக்கொண்டே வருகிறது. திறந்து ரத்தக்கட்டிகளை அள்ளி வெளியே போட்டோம். கல்லீரலின் வலது பாகத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். நான் ஊசி பிடித்த நீடில் ஹோல்டரோடு தயாராக நின்றேன். எதிரே நின்ற சீஃப் என் கையிலிருந்து அதை வாங்கி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, மடித்த மாப் (ரத்தம் உறிஞ்சும் துணி) நான்கைக் கல்லீரலுக்கு மேலும் கீழும் செருகினார். “இரண்டு கையாலும் அழுத்து. கையை எடுக்காதேம்மா. சுவரில் கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம்.” அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. அனஸ்தீஷியா மேடம் இரண்டு பக்கமும் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். மாப்பின் ஈரம் கையுறைக்குள் சூடாகத் தெரிந்தது. மூன்றாவது நிமிடத்தில் எனக்குத் தோள் நடுங்கத் தொடங்கியது. ஐந்து முடிந்ததும் ஒரு மாப்பை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார், கசிந்தது. “இன்னொரு ஐந்து” என்றார். இரண்டாவது முறை தூக்கியபோது ரத்தம் நின்றிருந்தது. அந்தக் கல்லீரலில் நாங்கள் ஒரு தையல்கூடப் போடவில்லை. பையன் நடந்து வீட்டுக்குப் போனான்.

விளையாட்டில் ஒரு முழு ஆபரேஷனை முடிக்கும் நேரத்தை நாங்கள் சும்மா அழுத்திப் பிடிப்பதிலேயே செலவிட்டோம். இன்றைக்கு ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் கல்லீரல் காயத்துக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதே இல்லை. சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு வார்டில் வைத்து மணிக்கு மணி கவனிக்கிறோம். திறக்காமல் இருப்பது என்ற முடிவுக்கு ட்ராமா சென்டரில் இடமே கிடையாது, ஏனென்றால் நோயாளி மேஜைக்கு வந்த பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது. எங்கள் வேலையில் கடினமான பாதி, நோயாளி மேஜைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் விளையாட்டை ஒதுக்கித் தள்ள எனக்கு மனசு வராது. சில விஷயங்களை அது வேறெந்த விளையாட்டையும்விடச் சரியாகப் பிடித்திருக்கிறது. முதல் விஷயம், வரிசை. ரத்தத்தை உறிஞ்சி எடுக்காமல் காயத்தைத் தைக்க முடியாது. தெரியாத இடத்தில் ஊசி வைக்கக்கூடாது என்பது எங்கள் பாலபாடம். கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுக்கும்போது குத்திய கோணத்திலேயே பின்னால் இழுக்க வேண்டும், எடுத்ததைத் தட்டில் வைத்த பிறகுதான் அடுத்தது. கருவியைக் கையில் எடுக்கும்போதே அடுத்த கருவி மனசில் வந்திருக்க வேண்டும். ஐந்தாறு பிரச்சினைகள் ஒரே சமயத்தில் கண்முன் இருக்கும்போது எது முதலில் ஆளைக் கொல்லும் என்று பார்க்கப் பழக்குகிறது. ஆஞ்சியின் குரலும் எனக்கு நிஜமாகப் பட்டது. நான் எங்கேயோ முனைந்திருக்கும்போது, “டாக்டர், அங்கே பாருங்கள்” என்று சொல்லும் ஒரு குரல் இல்லாமல் எந்தத் தியேட்டரும் நடக்காது. அந்தக் குரலின் முக்கியமான வேலை ஒன்றை மட்டும் விளையாட்டு விட்டுவிட்டது. வயிற்றை மூடுமுன் மாப், ஊசி, கருவி எல்லாவற்றையும் எண்ணி, “கவுண்ட் கரெக்ட், மேடம்” என்று சிஸ்டர் சொல்ல வேண்டும். சொல்லாமல் நான் மூடமாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலில் இந்த எண்ணிக்கையும் ஒன்று. எட்டு ஊர்களில், நம் புது தில்லியும் அதில் உண்டு, அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. பட்டியலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு அது, அதனால் குறைந்ததில் எவ்வளவு பட்டியலால் வந்தது என்ற விவாதம் உண்டு. எண்ண வேண்டுமா என்பதில் விவாதம் இல்லை.

இப்போது கைக்கு வருவோம். டிஎஸ்-இல் காயத்தின் குறுக்கே ஸ்டைலஸால் வளைத்து வளைத்துக் கோடு இழுத்தால் தையல் விழுந்துவிடும். கண்ணாடித் திரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வழுக்கும். உடம்பு அப்படி இல்லை. தோல் ஊசியை எதிர்க்கும். கொழுப்பு எதிர்க்கவே எதிர்க்காது, அதில் போட்ட தையல் நிற்கவும் நிற்காது. வீங்கிய குடலில் நூல் வெண்ணெயை அறுப்பதுபோல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். இரண்டு ஓரமும் தொட்டால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று அந்த இடமே அழுகும். இந்த உணர்வை எந்தத் திரையும் தராது. தைத்துத் தைத்துத்தான் வரும், அதுவும் யாராவது பக்கத்தில் நின்று “இறுக்காதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான்.

ஆனால் லேப்ராஸ்கோப்பி வேறு கதை, உங்கள் தம்பியின் வாதத்தில் கொஞ்சம் பலம் இருப்பதும் இங்கேதான். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு நீளமான கருவிகளை உள்ளே விட்டு, கேமரா காட்டுவதை டிவி திரையில் பார்த்துக்கொண்டு செய்கிறோம். துளை ஒரு நெம்புகோலின் அச்சுபோல் இருப்பதால் கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். திரை தட்டை, ஆழம் தெரியாது. கண் ஓரிடம், கை ஓரிடம். திரையைப் பார்த்துக் கையை நடத்திப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடலாம் என்று நினைப்பது நியாயம்தான்.

நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஜேம்ஸ் ராஸர் குழு இதைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்டது. 33 மருத்துவர்கள். முன்பு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் விளையாடியவர்கள், விளையாடாதவர்களைவிட லேப்ராஸ்கோப்பிப் பயிற்சிகளில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள். இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் விளையாட்டால் கை மேம்பட்டதா, இயல்பிலேயே கை நல்லவர்கள் விளையாட்டை விரும்பினார்களா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, அங்கே அவர்களை விளையாட வைத்துப் பார்த்தது சூப்பர் மங்கி பால் போன்ற சாதாரண விளையாட்டுகளை. ஆபரேஷன் விளையாட்டு எதுவும் அதில் இல்லை. 2013-இல் ரோம் நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 42 பயிற்சி மருத்துவர்களில் ஒரு பாதியை நான்கு வாரம் வீ விளையாட வைத்தார்கள். அவர்கள் மற்ற பாதியைவிட, சிமுலேட்டர் என்ற ஆபரேஷன் பயிற்சிக் கருவியில் கூடுதலாக முன்னேறினார்கள். இதில் காரணம் ஓரளவு தெளிவு. ஆனால் அளந்தது சிமுலேட்டரில், நோயாளியிடம் இல்லை.

தியேட்டருக்குள் அளந்த ஆய்வும் இருக்கிறது, ஆனால் அது விளையாட்டைப் பற்றியது இல்லை. 2002-இல் யேல் பல்கலைக்கழகக் குழு 16 பயிற்சி சர்ஜன்களை எடுத்து, பாதிப் பேரை மெய்நிகர் சிமுலேட்டரில் தேர்ச்சி வரும்வரை பழக்கி, பிறகு எல்லாரையும் நிஜப் பித்தப்பை ஆபரேஷனில் கவனித்தது. பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதை 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. ஆக, திரையில் பழகியது நோயாளியிடம் போய்ச் சேரும் என்பதற்கு ஆதாரம் உண்டு, அதற்கென்றே செய்த கருவியில், அளவுகோல் வைத்துப் பழகினால். ட்ராமா சென்டருக்கு அதே பலன் இருக்கும் என்று இதிலிருந்து தாவிவிட முடியாது. என் ஜூனியர்களிடம் நான் பார்த்ததைச் சொன்னால், விளையாட்டுப் பழக்கம் உள்ளவர்கள் முதல் மாதம் கேமராவை நன்றாகப் பிடிக்கிறார்கள். ஆறாவது மாதத்தில் யார் விளையாடியவர், யார் விளையாடாதவர் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. இது ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தியேட்டரில் பார்த்தது, அவ்வளவுதான் இதற்கு எடை.

உங்கள் தம்பிக்கு இந்தத் தொடரில் உண்மையிலேயே உதவக்கூடிய பாகம் கடைசியாக வந்த ‘ட்ராமா டீம்’ என்பது என் கருத்து. அதில் ஹீலிங் டச் இல்லை. ஆறு மருத்துவர்கள், ஆறு துறைகள்: அறுவை சிகிச்சை, அவசர முதலுதவி, எலும்பு, எண்டோஸ்கோப்பி, நோயறிதல், தடயவியல். எலும்பும் தடயவியலும் என் துறை இல்லை, அவற்றின் நம்பகத்தன்மையை அந்தந்தத் துறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். முதலுதவிப் பகுதியில் மரியா டோரஸ் ஒரே நேரத்தில் பல பேரைக் கவனிக்கிறார். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் ஓடும் அந்தத் தவிப்பு, பேருந்து விபத்தன்று கேஷுவாலிட்டியில் இருப்பதுதான். கேப்ரியல் கன்னிங்ஹாம் வரும் நோயறிதல் பகுதியில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. நோயாளியிடம் பேச வேண்டும், அவர் மறைப்பதைக் கவனிக்க வேண்டும், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும், எக்ஸ்ரேயை நல்ல எக்ஸ்ரேயோடு ஒப்பிட வேண்டும், ஒவ்வொரு நோயாக நீக்கிக்கொண்டே வர வேண்டும். பலருக்கு அது சலிப்பாக இருந்திருக்கும். என் நாளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போகிறது. தம்பி அந்தப் பகுதியை எப்படி விளையாடுகிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வேகமாகத் தாண்டிப் போகிறானா, நோயாளி சொன்னதைத் திரும்பப் படிக்கிறானா என்று.

நீட் தேர்வு நெருங்கும்போது எவ்வளவு நேரம் விளையாட விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கை பழக வேண்டும் என்று அவன் நிஜமாகவே ஆசைப்பட்டால் அதற்கு மெடிக்கல் சீட் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் முடிச்சுப் போடக் கற்றது ஹாஸ்டல் நாற்காலியின் கைப்பிடியில்தான். இரண்டு முழம் கெட்டி நூல் போதும். வலது கையால் போட வந்ததும் இடது கையால், பிறகு பார்க்காமல், பிறகு ஒரு டம்ளருக்குள் கையை விட்டு அதன் அடியில் ஒட்டிய கொக்கியில், கொக்கி பிய்ந்து வராதபடி மெதுவாக. அந்தக் கடைசிப் பயிற்சிக்கு எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.